மலைச்சரிவும் சுற்றுச்சூழல் மதிப்பீடும்: தேவாரம் தரும் பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் மக்களுக்கு மலையே நீர்த்தேக்கம். மலையே மேய்ச்சல் நிலம். மலையே நாட்கூலி தரும் தொழிற்களம். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள தேவாரமும், அதற்கு வடக்கே அமைந்த போடிநாயக்கனூரும் இம்மலைச் சரிவைச் சார்ந்தே வளர்ந்த ஊர்கள். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி எல்லை கடந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், பொழுது சாயும் வேளையில் அடிவாரத்து வீடுகளுக்குத் திரும்புகின்றனர். மலையில் விளைந்த ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை பேசப்பெறுகிறது. மலையில் பெய்த மழை ஓடையாகி, ஆறாகி, கண்மாய்களை நிரப்புகிறது. ஆகவே இம்மலையில் புதிய திட்டமொன்று வருகிறது என்றால், அதனால் விளைவது நன்மையா, தீமையா என்னும் வினா இப்பகுதியில் ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரை வரை எட்டும் வினாவாகும்.

அவ்வினாவுக்கு விடை காண இக்காலச் சட்டம் வகுத்துள்ள வழியே 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு' என்பது. அம்மதிப்பீடு யாது, அஃது எவ்வாறு நிகழ வேண்டும், தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் அது தடுமாறிய இடங்கள் எவை, அத்தடுமாற்றத்திலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பனவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீடு என்பது யாது?

ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன்னரே, அதனால் நிலம், நீர், காற்று, உயிரினம், மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு நேரக்கூடிய மாற்றங்களைக் கணித்து, அவற்றைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி கண்டு, 'திட்டத்தை அனுமதிக்கலாமா?' என்று முடிவு செய்ய உதவும் முறையே தாக்க மதிப்பீடு. 'முன்னரே' என்னும் சொல்லே இவ்விளக்கத்தின் உயிர்நாடி. கட்டி முடித்த பின் செய்வது ஆய்வாகலாம், மதிப்பீடு ஆகாது.

அமெரிக்க நாட்டில் 1969ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இம்முறைக்கு வித்திட்டது. இந்தியாவில் 1976-77ஆம் ஆண்டளவில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் ஆராயும் வழக்கம் தோன்றியது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டலாமா என்று எழுந்த நாடு தழுவிய விவாதம், அணைத் திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதில் முடிந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994 சனவரியில் வெளியான அறிவிக்கை மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பரில் புதிய அறிவிக்கை வந்தது.

2006ஆம் ஆண்டு அறிவிக்கை நான்கு படிகளைக் கூறுகிறது. திட்டத்துக்கு எத்தகைய ஆய்வு வேண்டும் என வகைப்படுத்தல் முதற்படி. ஆய்வு எவற்றையெல்லாம் தழுவ வேண்டும் என எல்லை வகுத்தல் இரண்டாம் படி. மக்கள் கருத்துக் கேட்டல் மூன்றாம் படி. வல்லுநர் குழு அனைத்தையும் சீர்தூக்கிப் பரிந்துரைத்தல் நான்காம் படி. பெரிய திட்டங்கள் 'அ' பிரிவில் அடங்கி மைய அரசின் பார்வைக்குச் செல்லும். பிற 'ஆ' பிரிவில் அடங்கி மாநில அளவிலான ஆணையத்தின் பார்வைக்குச் செல்லும். கருத்துக் கேட்பு நடைபெறும் திட்டங்களில் அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் மக்களுக்கு அளித்தல் வேண்டும். இது தமிழ் பயில்வோர் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி.

இப்படிகளுள் முதற்படியே கட்டடத்தின் கடைக்கால் போன்றது. ஒரு திட்டம் எந்த இனத்தில் வைக்கப்படுகிறதோ, அதைப் பொறுத்தே பின்னர்க் கேட்கப்படும் வினாக்கள் அமைகின்றன. வகைப்படுத்தல் பிழையானால், அதன்மேல் எழும் ஆய்வு எத்துணை நேர்மையாக நடந்தாலும் உரிய வினாவுக்கு விடை தாராது.

பசும்புல் எல்லாம் காடாகாது

இவ்வுண்மையை விளக்க மலைநாட்டில் பலரும் கண்டிருக்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அது கோல்ஃப் விளையாட்டுத் திடல். ஆங்கிலேயர் காலத்தில் மலை வாழிடங்களில் இவ்விளையாட்டு வேரூன்றியது. கொடைக்கானலின் கோல்ஃப் கழகம் 1895இல் தோன்றியது. மூணாற்றை அடுத்த குண்டலைப் பள்ளத்தாக்கிலும் இத்தகைய திடல் உண்டு.

கிராமப்புற மலைச்சரிவு ஒன்றில் இருக்கும் சிறு திடலை விரிவாக்க ஒருவர் விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். பதினெட்டுக் குழிகள் கொண்ட முழுத் திடலுக்கு ஏறத்தாழ 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலம் வேண்டும். ஆலைப் புகை இல்லை, இரைச்சல் இல்லை, எங்கும் பசும்புல். ஆதலின் 'இதனால் என்ன கேடு?' என்று கேட்கத் தோன்றும். ஆயினும் அப்புல்வெளி ஒரே இனப் புல்லால் ஆனது. கோடையில் அதற்கு நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டும். அது பசுமை மாறாதிருக்க இடும் உரமும், பூச்சி, பூஞ்சணக் கொல்லிகளும் மழையில் கரைந்து சரிவின் கீழுள்ள ஓடையைச் சேரும். மேடு பள்ளங்களைச் சமன் செய்வதால் நீரோட்டம் திசை மாறும். வேலி அடைத்தால் விலங்குகளின் வழி மறிபடும். பார்வைக்குப் பசுமையாக இருப்பதும், நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவிக்கும் காடாக இருப்பதும் ஒன்றல்ல.

நம் நாட்டு அறிவிக்கையின் அட்டவணையில் கோல்ஃப் திடல் எனத் தனி இனம் இல்லை. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் கட்டுமான இனத்தில் அடங்கும். 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட நகரியமாகவோ பகுதி மேம்பாடாகவோ அமைந்தால் வேறோர் இனத்தில் அடங்கும். சிறிது சிறிதாக விரியும் திடல் இவ்விரு வலைகளிலும் சிக்காமல் நழுவ இயலும். கட்டடத்தை அளக்கும் கோல் புல்வெளி குடிக்கும் நீரை அளக்காது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

உலக அனுபவம் இருவகையாக உள்ளது. தமிழர் மிகுதியாக வாழும் மலேசியத் தீவான பினாங்கில், 1990களின் தொடக்கத்தில் கொடிமலை எனப்படும் பினாங்கு மலையைக் கோல்ஃப் திடலும் விடுதிகளும் கொண்ட பொழுதுபோக்கிடமாக்கத் திட்டமிட்டனர். மக்கள் எதிர்ப்பு எழுந்தது. மதிப்பீட்டு அறிக்கையை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை ஏற்க மறுத்தது. மாறாக, ஸ்காட்லாந்தின் அபர்தீன் பகுதியில் அரிய மணற்குன்றுகளின் மேல் கோல்ஃப் திடல் அமைக்க 2008இல் இசைவு தரப்பட்டது. குன்றுகளின் இயல்பு கெடும் என முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டும், பொருளாதார நன்மை மேலானதெனக் கருதப்பட்டது. 2012இல் திடல் திறக்கப்பட்டது. 2020இல் அம்மணற்குன்றுகள் தம் சிறப்பை இழந்துவிட்டன எனக் கூறி அவற்றுக்கிருந்த பாதுகாப்புத் தகுதியே நீக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் அங்கு இரண்டாம் திடலொன்று அமைக்கப்பெற்று 2025இல் திறக்கப்பட்டது. மதிப்பீடு சரியாகக் கணித்தும் முடிவெடுப்போர் செவி சாய்க்காவிடில் பயனில்லை என்பதற்கு இது சான்று.

திடலின் பசும்புல் கண்ணை மயக்குவது போலவே, மண்ணுக்குள் மறைந்திருக்கும் திட்டமும் நம்மை மயக்கக்கூடும். தேவாரத்தின் அருகே நிகழ்ந்தது அதுவே.

பொட்டிப்புரம் திட்டம்

நியூட்ரினோ என்பது அணுவினும் நுண்ணிய துகள். கதிரவனிலிருந்து புறப்பட்டு, நாம் வாழும் நிலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. எதனோடும் எளிதில் வினைபுரியாமையால் அவற்றைக் கண்டறிதல் அரிது. பிற துகள்களைத் தடுக்கப் பெரும் பாறைக் கவசம் தேவை. இத்துறையில் இந்தியாவுக்குப் பழம்பெருமை உண்டு. வளிமண்டல நியூட்ரினோக்கள் 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கண்டறியப்பட்டன. 1990களில் அவ்வாய்வுக்கூடம் மூடப்பட்டமையால் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று.

முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்ந்தெடுக்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் யானைகளின் வழித்தடத்திலும் அவ்விடம் இருந்ததால் 2009இல் மைய அரசு இசைவு மறுத்தது. பின்னர் மரம் வெட்டத் தேவையில்லாத இடமெனக் கருதப்பட்டுப் போடி மேற்கு மலையின் அடிவாரமாகிய பொட்டிப்புரம் தெரிவு செய்யப்பட்டது. மக்கள் அம்பரப்பர் மலை என வழங்கும் குன்றின் அடியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழி. அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உடைய பெருங்குகை. அக்குகைக்குள் 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. குகையைச் சூழ எல்லாப் பக்கமும் 1,000 மீட்டரளவு பாறை. இதுவே திட்டத்தின் வடிவம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இதனை முன்னின்று நடத்தியது. 2011இல் சுற்றுச்சூழல் இசைவு கிட்டியது. 2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மைய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

அச்சமும் உண்மை வினாவும்

திட்டச் செய்தி ஊர்களில் பரவியபோது மக்களிடையே பெரிதும் பேசப்பட்டது நியூட்ரினோவைப் பற்றியே. 'கதிர்வீச்சு வருமா? நிலம் பாழாகுமா?' என்னும் அச்சங்கள் எழுந்தன. அறிவியல் அடிப்படையில் நோக்கினால், இயற்கையில் வரும் நியூட்ரினோ எவருக்கும் தீங்கு செய்வதன்று. அது குகை குடையப்பட்டாலும் குடையப்படாவிட்டாலும் நம்மை ஊடுருவிக்கொண்டே இருப்பது. அறிவியலறிஞர்கள் இதனை மீண்டும் மீண்டும் விளக்கினர், விளக்கம் சரியானதே.

ஆயினும் 'துகள் தீங்கற்றது' என்பது 'குகை தீங்கற்றது' என்பதற்கு விடையாகாது. கேட்கப்பட வேண்டிய வினாக்கள் வேறு. கடினமான சார்னோகைட் பாறையைக் குடைய ஆண்டுக்கணக்கில் வெடி வைக்கும்போது எழும் அதிர்வு, பாறை இடுக்குகளில் ஊறும் நீரோட்டத்தை என்ன செய்யும்? வெளிக்கொணரும் இலட்சக்கணக்கான டன் கல்லும் தூசியும் எங்கே குவிக்கப்படும்; காற்றில் பறக்காமலும் மழையில் கரைந்து கண்மாயில் படியாமலும் எவ்வாறு காக்கப்படும்? கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் சிற்றூர்ச் சாலைகளில் நாளொன்றுக்கு எத்தனை முறை செல்லும்? ஆயிரம் மீட்டர் பாறையின் அழுத்தத்தைக் குகையின் கூரை தாங்குமா? வேலியடைத்த நிலத்தில் ஆடுமாடு மேய்த்தோர் எங்கே செல்வர்?

நீரைப் பற்றிய வினா தனியே நோக்கத்தக்கது. திட்டத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 340 கிலோலிட்டர், அதாவது 3,40,000 லிட்டர் நீர் வேண்டும் என்றும், அது பெரியாற்று நீரிலிருந்து பெறப்படும் என்றும் திட்டத்தார் கூறினர். ஊரகக் குடிநீருக்கு ஆளொன்றுக்கு 55 லிட்டர் என்னும் அரசின் அளவுகோலை வைத்துக் கணக்கிட்டால், இது ஏறத்தாழ 6,000 பேரின் ஒருநாள் தேவை. மழைமறைவுப் பகுதியில் இஃது ஏற்கத்தக்கதா என்பதை எண்களோடு மக்கள் முன் வைத்து விவாதிப்பதே மதிப்பீட்டின் கடமை.

இத்தாலி நாட்டின் கிரான் சாசோ மலைக்கடியில் உள்ள புகழ்பெற்ற ஆய்வுக்கூடம் இங்கு நினைவுகூரத்தக்கது. அம்மலை சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் தரும் நிலத்தடி நீர்க்களஞ்சியம். 2002 ஆகஸ்டில் அங்கு நடந்த நியூட்ரினோ ஆய்வொன்றில் கையாளப்பட்ட வேதிநீர்மம் சிறிதளவு கசிந்து ஓடையில் கலந்தது. நீதிமன்றம் தலையிட்டு ஆய்வுக்கூடத்தின் ஒரு மண்டபத்தையே முடக்கி வைத்தது. பொட்டிப்புரத்தில் அத்தகைய நீர்மம் இல்லை. இரும்புத் தகடுகளும் கண்ணாடியாலான உணர்கலங்களுமே திட்டமிடப்பட்டன. எனவே அதே விபத்து இங்கும் நிகழும் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் நியூட்ரினோ தூயதாயினும் ஆய்வுக்கூடத்தின் அன்றாட நடைமுறை மலைநீரைத் தொடக்கூடும் என்னும் பாடம் பொதுவானதே.

துகளைப் பற்றிய அச்சத்தில் எதிர்ப்பாளருட் பலரும், அவ்வச்சத்துக்கு விடையளிப்பதில் அறிவியலாளருட் பலரும் காலத்தைச் செலவிட்டனர். பாறை, நீர், தூசி, விலங்கு என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. நல்ல மதிப்பீடு தொடக்கத்திலேயே நடந்திருந்தால் இவ்விரு தரப்பாரும் ஒரே மேசையில் ஒரே வினாக்களைப் பற்றிப் பேசியிருப்பர்.

மதிப்பீடு தடுமாறிய இடங்கள்

திட்டம் நீதிமன்றங்களுக்குச் சென்ற வரலாறு, மதிப்பீட்டின் குறைகளை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தது.

2015 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெறாமல் பணியைத் தொடங்கக்கூடாது என ஆணையிட்டது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பினர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை, திட்ட இடத்திலிருந்து 4.9 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது என்பது அவ்வழக்கில் முதன்மை பெற்றது. மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்த கோயம்புத்தூர் சாலிம் அலி மையம், பறவையியலிலும் இயற்கை வரலாற்றிலும் புகழ் பெற்றது. ஆயினும் இத்தகைய மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அன்று என்னும் ஆட்சேபமும் எழுந்தது. 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் 2011ஆம் ஆண்டின் இசைவை நிறுத்தி வைத்து, உரிய முறையில் மீண்டும் விண்ணப்பிக்கப் பணித்தது.

2018இல் மைய அரசின் வல்லுநர் குழு விண்ணப்பத்தை மீண்டும் ஆராய்ந்தது. சுரங்கமும் அகழ்வும் அடங்கிய இத்திட்டத்தைக் கட்டுமான இனத்தில் வைத்து மதிப்பிடுவது கடினம் என்பதைக் குழுவே ஒப்புக்கொண்டு, இதனைத் 'தனி நேர்வாக'க் கருதி அதே இனத்தில் வைத்து இசைவுக்குப் பரிந்துரைத்தது. மலைக்குள் குடையும் இரண்டு கிலோமீட்டர்ச் சுரங்கமும், நகரில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடமும் ஒரே இனமாயின. கட்டுமான இனத்துக்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கை மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குக. மேலே கோல்ஃப் திடலுக்குக் கூறிய குறை இங்கும் அவ்வாறே பொருந்துகிறது. திட்டத்துக்கு ஏற்ற அளவுகோல் இல்லாதபோது, கையிலிருக்கும் அளவுகோலுக்கு ஏற்பத் திட்டம் பெயர் மாற்றப்படுகிறது.

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அவ்விசைவில் தலையிட மறுத்தது. எனினும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலின்றிப் பணி தொடங்கலாகாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அங்கு அளித்த உறுதிமொழி ஆவணத்தில், போடி மேற்கு மலை மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் இடைப்பட்ட புலிகளின் வழித்தடம் என்றும், வைகைக்கு நீர் தரும் கொட்டகுடி முதலிய ஆறுகளின் பிடிப்பகுதி என்றும் எடுத்துரைத்து, திட்டத்துக்கு இசைவளிக்க இயலாது எனத் தெரிவித்தது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். புலியின் வழித்தடமும் வைகையின் பிடிப்பகுதியும் 2022இல் புதிதாகத் தோன்றியவை அல்ல. 2011இல் இசைவு தந்தபோதும் அவை அங்கேயே இருந்தன. முதல் மதிப்பீட்டிலேயே அவற்றுக்கு உரிய இடம் கிடைத்திருந்தால், பத்தாண்டுக் காலம் அறிவியலாளரும் மக்களும் அலைக்கழிந்திருக்க மாட்டார்கள். வேறோர் இடம் தேட நாட்டுக்கும் காலம் இருந்திருக்கும். சிங்காராவில் தொடக்கத்திலேயே 'இல்லை' என்று சொல்லப்பட்டதால், அங்கு இழப்பு சிறிதாக நின்றது. குறைபட்ட மதிப்பீடு காட்டுக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் பகையாகும்.

முதல், கரு, உரி

தமிழ் பயில்வோர்க்கு இம்மதிப்பீட்டு முறை முற்றிலும் அயலானதன்று. தொல்காப்பியம் அகத்திணையை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. இலக்கிய ஆய்வுக்கு வகுத்த அப்பகுப்பை இன்றைய மதிப்பீட்டுக்கு உவமையாகக் கொண்டால், எதை விட்டுவிடுகிறோம் என்பது தெளிவாகும்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலத்தை அளப்பவர் பலர். பொழுதை அளப்பவர் சிலரே. விரைந்து முடிக்கும் மதிப்பீடுகளில் ஒரு பருவத்துத் தரவே திரட்டப்படுவது வழக்கம். பங்குனியில் வறண்டு கிடக்கும் ஓடையைக் கண்டு 'நீரோட்டம் இல்லை' என எழுதினால், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் அதே ஓடை கரைபுரள்வது அறிக்கையில் இடம் பெறாது. விலங்குகளும் பருவத்துக்கேற்ப இடம் பெயர்வன. ஆண்டு முழுவதும் அளந்தாலன்றி மலைச்சரிவை அறிய இயலாது.

கருப்பொருளைப் பட்டியலிடும்போது இலக்கணம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது. இன்றைய அறிக்கைகள் விலங்கையும் மரத்தையும் புள்ளையும் எண்ணுகின்றன. மக்களின் தொழிலைச் சில வரிகளில் குறிக்கின்றன. வழிபாட்டை ஏறத்தாழ விட்டுவிடுகின்றன. அம்பரப்பர் மலை வரைபடத்தில் உயரத்தைக் குறிக்கும் ஓர் எண்ணாக இருக்கலாம். அடிவாரத்து மக்களுக்கு அது வழிபடும் இடம். கால்நடை மேயும் இடம். எண்ணப்படாதது இழப்பாகவும் கருதப்படுவதில்லை.

உரிப்பொருள் மக்களின் ஒழுக்கமும் உணர்வும். திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிட்டும், எத்தனை பேரின் தொழில் குறையும், அவ்விருவரும் ஒருவரேயா என்னும் வினாக்கள் இதில் அடங்கும். நன்மை தொலைவிலிருப்போர்க்கும் இழப்பு அருகிலிருப்போர்க்கும் வாய்க்குமாயின், கூட்டிக் கழித்து வரும் 'மொத்த நன்மை' நீதியாகாது.

நாம் வேண்டும் திட்டத்துக்கும் அதே கோல்

பிறர் கொணரும் திட்டத்தை நுணுகி ஆராய்தல் எளிது. நாமே வேண்டி நிற்கும் திட்டத்தை அவ்வாறு ஆராய்தலே அரிது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு மலைச்சாலை அமைக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய கோரிக்கை. இன்று போடி மெட்டு வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ சுற்றிச் செல்லும் தோட்டத் தொழிலாளர்க்கு அச்சாலை நேரத்தையும் செலவையும் பெரிதும் குறைக்கும். நெருக்கியடித்து ஜீப்புகளில் செல்வோரின் இடர் குறையும். இந்நன்மைகள் மெய்யானவை, அவற்றைக் குறைத்துப் பேசுவது முறையன்று.

ஆயினும் அச்சாலையும் காட்டு நிலத்தின் ஊடே செல்ல வேண்டியதே. சரிவை வெட்டினால் மண் சரியுமா? ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் நீர் எவ்வாறு கடத்தப்படும்? இரவுப் போக்குவரத்து விலங்குகளை என்ன செய்யும்? சாலையைத் தொடர்ந்து விடுதிகளும் மனைப்பிரிவுகளும் ஏறி வருவதை எவ்வாறு தடுப்பது? குகைக்குக் கேட்ட வினாக்களைச் சாலைக்குக் கேட்க மறுத்தால், குகைக்கு எதிராக நாம் கூறியவை கொள்கையன்று, வெறுப்பே எனப் பிறர் கருத இடமுண்டாகும். வினாக்களைக் கேட்டு, அகலம் குறைந்த சாலை, இரவில் போக்குவரத்துத் தடை, வேறு வழித்தடம் போன்ற மாற்றுகளையும் ஆராய்ந்து முடிவெடுத்தால், தொழிலாளியின் தேவைக்கும் மலையின் நலனுக்கும் இடையே நியாயமான வழி பிறக்கக்கூடும். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ முன்பே முடிவு கட்டிக்கொண்டு எழுதப்படும் அறிக்கை மதிப்பீடு ஆகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நான்கு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, திட்டத்தின் தோற்றத்தையோ பெயரையோ கொண்டு அதன் தாக்கத்தைக் கணிக்கலாகாது. அது அமையும் இடத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். இரண்டு, மதிப்பீடு முடிவுக்கு முன்னர் நிகழ வேண்டும். எல்லாப் பருவங்களையும் தழுவ வேண்டும். மூன்று, அத்துறைக்குத் தகுதியுடையோர் அதனைச் செய்ய வேண்டும். நான்கு, அறிக்கை மக்கள் மொழியில் மக்கள் கையில் சேர வேண்டும்.

இந்நான்காவது செய்தியில் தமிழ்த் துறையினர்க்குத் தனிப் பொறுப்பு உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கையின் சாரம், சில பக்கங்களில் புரியாத தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு ஊராட்சி அலுவலகத்தில் கிடப்பதால் பயனில்லை. அதனைப் படித்துப் பொருள் விளங்கும் தமிழில் ஊர்ப் பெரியோர்க்கு எடுத்துரைக்கும் பணியை அறிவியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்தே ஆற்ற இயலும். தம் ஊர் ஓடை எந்த மாதத்தில் ஓடுகிறது, எந்த மாதத்தில் வறள்கிறது. கிணற்றின் நீர்மட்டம் எத்தனை அடி. காட்டெருமை எப்பாதையில் இறங்குகிறது என்பனவற்றை ஆண்டுதோறும் குறித்து வைக்கும் பழக்கம் கல்லூரிகளில் ஏற்படுமாயின், நாளை எத்திட்டம் வந்தாலும் சான்றோடு பேசும் வலிமை நமக்குக் கிட்டும்.

கேள்வியே கேட்காது தலையசைப்பதும், கேளாமலே எதிர்ப்பதும் மலைக்கு நன்மை தாரா. சரியான வினாவை உரிய காலத்தில் கேட்பதே மலைக்கும், அம்மலையை நம்பி வாழும் மக்களுக்கும் காவலாகும்.